கயாக்குக்கு மோட்டார் பூட்டலாமா, தம்பி?

கேள்வி: எனக்கு 54 வயது. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன், தொழிற்சாலை வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் மீன்பிடிக்கென்று 12 அடி நீளக் கயாக் துடுப்புப் படகு ஒன்று வாங்கினேன், மேலே உட்காரும் வகை. ஸ்கூகொக் ஏரிக்கும் ரைஸ் ஏரிக்கும் போய் வருவேன். போன ஆகஸ்டில் முதல் தடவையாகச் சிம்கோ ஏரிக்குப் போனேன். மத்தியானம் காற்று எழும்பி, கரை சேர ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அதிலிருந்து வலது தோள் நோகிறது. கயாக்கைத் தனியாகத்தான் கார்க் கூரையில் ஏற்றி இறக்குகிறேன். மகன் எலெக்ட்ரிக் மோட்டார் பூட்டச் சொல்கிறான். கடைக்காரர் 55 பவுண்ட் மோட்டாரும் 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியும் காட்டினார். மனைவிக்குத் துளியும் விருப்பமில்லை. நான் பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவன், தண்ணீருக்குப் பயமில்லை. மோட்டார் பூட்டலாமா, தம்பி? பூட்டினால் எது? லைசென்ஸ் வேண்டுமா? கயாக்கின் படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அண்ணை, தம்பி என்று உரிமையோடு கூப்பிட்டிருக்கிறீர்கள். நானும் அந்த உரிமையோடே எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் சின்னப் படகுகளுக்கு மோட்டார் பூட்டுவதும் வயரிங் செய்வதும்தான் என் தொழில். ஏரிகளில் பனி உருகத் தொடங்கியதும் கயாக்கைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் வருடா வருடம் கூடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேரிடமாவது முதலில் நான் கேட்பது, "இப்போது எங்கே போகிறீர்கள், மோட்டார் வந்த பிறகு எங்கே போவீர்கள்?" என்பதுதான். உங்கள் கடிதத்தில் இரண்டு ஏரி ஒரு வகை, மூன்றாவது ஏரி வேறு வகை. அதனால் பதிலும் இரண்டாகப் பிரிகிறது. ஸ்கூகொக்குக்கும் ரைஸ் ஏரிக்கும் மோட்டார் பூட்டலாம், கடைக்காரர் காட்டியதைவிடச் சின்னதாக. சிம்கோவில் அன்று பட்ட கரைச்சலுக்கு மருந்தாக நினைத்துப் பூட்டுவதானால் வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் தோள். துடுப்புப் போட்டதால் வந்த நோ என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் 36 கிலோ வரும் கயாக்கைத் தனி ஆளாகக் கார்க் கூரைக்கு ஏற்றுகிறீர்கள். ஒரு பயணத்துக்கு நான்கு தடவை, ஏரியில் இரண்டு, வீட்டில் இரண்டு. தலைக்கு மேல் பாரத்தைத் தூக்கித் திருப்பித் தள்ளும் அந்த அசைவு, தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களுக்கு மணிக்கணக்கில் துடுப்புப் போடுவதைவிடக் கொடுமையானது. மோட்டார் அதை ஒரு கிராம்கூடக் குறைக்காது. 55 பவுண்ட் மோட்டார் 10 கிலோவுக்குக் குறையாது. அவர் காட்டிய ஈயப் பற்றரி 27 கிலோ அளவில் வரும். அதாவது தோள் நோவுக்கு மருந்து என்று வாங்கி, தோளால் தூக்க வேண்டிய பாரத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கப் போகிறீர்கள். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கடையில் மோட்டார் மேசைமேல் இருக்கும், கார் வெளியே நிற்கும்.

இரண்டாவது, துடுப்பு. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தை நெடுநேரம் பார்த்தேன். உங்கள் கயாக் அகலமானது, இருக்கையும் உயர்த்திக் கட்டியது. துடுப்போ 220 சென்டிமீட்டர் போலத் தெரிகிறது. அந்த உயரத்திலிருந்து அந்த அகலத்தைத் தாண்டித் தண்ணீரைத் தொட, ஒவ்வொரு வீச்சுக்கும் மேற்கையைக் கன்னத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு ஆயிரக்கணக்கான வீச்சு. எந்தத் தோளும் நோகும். இந்த மாதிரிக் கயாக்குக்கு 240 முதல் 250 சென்டிமீட்டர் துடுப்புத் தேவை. நீளத் துடுப்பைத் தாழ்வாகப் பிடித்து, கையால் இழுக்காமல் இடுப்பையும் முதுகையும் திருப்பித் துடுப்புப் போட்டுப் பாருங்கள். மேற்கை நெஞ்சு மட்டத்தைத் தாண்டவே தாண்டாது.

எனவே மோட்டார் வாங்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் தோளைக் காட்டுங்கள். நீளமான துடுப்பு ஒன்றை வாங்குங்கள், இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். கயாக்கின் பின்பக்கத்தில் மாட்டி இழுக்கும் இரு சக்கர வண்டி ஒன்று எடுங்கள். ஏற்றும்போது ஒரு முனையை முதலில் கூரைக் கம்பியில் சாய்த்துவிட்டு, மறு முனையை மட்டும் தூக்கித் தள்ளுங்கள். பாதிப் பாரம் குறையும். இப்படி மூன்று பயணம் போய், தோள் எந்த நேரத்தில் நோகிறது என்று ஒரு கடதாசியில் குறித்து வையுங்கள். ஏற்றும்போதா, தண்ணீரிலா, அடுத்த நாள் காலையிலா? அந்தக் கடதாசி எனக்கும் உதவும், வைத்தியருக்கும் உதவும்.

சரி, இனி மோட்டாருக்கு வருவோம்.

இந்த எலெக்ட்ரிக் மோட்டார் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1934இல், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் இதை உருவாக்கினார். மின்னசோட்டா, டகோட்டா இரண்டு பெயரையும் சேர்த்து 'மின் கோட்டா' என்று பெயர் வைத்தார். இன்றும் கடைகளில் அந்தப் பெயர்தான் முன்னால் நிற்கிறது. அவர் அதைச் செய்தது வேகத்துக்காக இல்லை. மீனைக் கலைக்காமல், சத்தமில்லாமல், தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போவதற்காக. அந்த வேலையை இந்த மோட்டார் இன்றும் அற்புதமாகச் செய்கிறது. மற்ற வேலைகளைச் சுமாராகத்தான் செய்யும்.

பெட்டியில் எழுதியிருக்கும் 55 பவுண்ட் என்பது உந்துவிசை, வேகம் இல்லை. நம்மவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தண்ணீரைப் பிளந்து போகும் எந்தப் படகுக்கும் அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. அதைத் தாண்ட முயன்றால் படகு தானே எழுப்பும் அலையில் தானே ஏறப் பார்க்கும். உங்கள் 12 அடிக் கயாக்குக்கு அந்த எல்லை மணிக்கு எட்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலே. அகலமும் மீன்பிடிச் சாமான்களும் சேர்ந்தால் நடைமுறையில் இன்னும் குறையும். துடுப்பால் நிதானமாகப் போனாலே நான்கு, நான்கரை வரும். ஆக 30 பவுண்ட் மோட்டாரை 55 ஆக்கினால் கிடைப்பது மணிக்கு ஒரு கிலோமீட்டரோ கொஞ்சம் கூடவோதான். அதற்குப் பற்றரி கொடுக்கும் விலையோ மிகப் பெரியது. வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி தேவை. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பற்றரி பல மடங்கு நேரம் நின்று பிடிக்கும். மெதுவாகப் போகிறவனுக்குத்தான் இந்த மோட்டார் லாபம்.

கணக்கு இலகுவானது. பற்றரியின் அம்பியர்-மணியை மோட்டார் இழுக்கும் அம்பியரால் பிரித்தால் ஓடும் மணித்தியாலம் வரும். 12 வோல்ட் மோட்டார்களில் முழு வேகத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ ஒரு அம்பியர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பவுண்ட் மோட்டாருக்கு 30 அம்பியர், 55 பவுண்டுக்கு 50. நல்ல 50 அம்பியர்-மணி லித்தியம் பற்றரியில் 30 பவுண்ட் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் ஒன்றரை மணித்தியாலம் ஓடும். 10 அம்பியரில் நிதானமாக ஓட்டினால் ஐந்து மணித்தியாலம். ஐந்து மணித்தியாலம் தொடர்ந்து மோட்டார் ஓட்டுகிற மீன்பிடிப் பயணம் எதுவும் நீங்கள் போவதில்லை.

ஈயப் பற்றரியை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பாரம் ஒரு காரணம்தான். அதில் 100 என்று எழுதியிருப்பது 20 மணித்தியாலத்துக்கு மெதுவாக வெளியே எடுத்தால் கிடைக்கும் அளவு. 50 அம்பியராக உறிஞ்சினால் அது வெகுவாகச் சுருங்கிவிடும். அத்துடன் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுளும் குறையும். கையில் மிஞ்சுவது 50க்குப் பக்கம்தான். லித்தியம் இரும்புப் பொஸ்பேட் வகைப் பற்றரியில் 50 என்றால் கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம், பாரமும் ஆறு, ஏழு கிலோவோடு நின்றுவிடும். இன்னொன்று, ஈயப் பற்றரியில் தண்ணீர்ப் பதமான அமிலம் உள்ள வகை கயாக்குக்கு ஆகவே ஆகாது. கவிழ்ந்தால் அமிலம் சிந்தும். 27 கிலோ கட்டி கட்டவிழ்ந்து உருண்டால் கயாக்கைத் திரும்ப நிமிர்த்தவும் முடியாது.

லித்தியத்துக்கும் ஒரு குணம் உண்டு, நம் நாட்டுக் குளிரில் அது முக்கியம். பூச்சியம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும். நல்ல பற்றரிகளில் உள்ளிருக்கும் காவல் சுற்று தானே தடுத்துவிடும், மலிவானவற்றில் அதை நம்ப முடியாது. எனவே நவம்பரில் கடைசிப் பயணம் முடிந்ததும் பாதி அளவு சார்ஜோடு வீட்டுக்குள்ளே, காய்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். கராஜில் விட்டுவிட்டு, ஜனவரியில் நினைவு வந்து சார்ஜரில் போடாதீர்கள்.

இப்போது சிம்கோ. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி, "தண்ணீருக்குப் பயமில்லை" என்பது. பருத்தித்துறைக் கரையில் வளர்ந்தவர் அப்படி எழுதுவதில் வியப்பில்லை. கடலை நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்தவர். ஆனால் அந்தக் கடலில் விழுந்தால் உடம்பு விறைக்காது. மாலைவரை மிதந்து கிடக்கலாம், ஒரு வள்ளம் வரும். இங்கே அந்தக் காலக்கணக்கே வேறு. சிம்கோ 722 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 41 மீட்டர். மாரியில் உறைந்து, ஏப்ரலில்தான் பெரும்பாலும் பனி விடும். மே மாதத்தில் கரையில் அரைக்கைச் சட்டையோடு நிற்பீர்கள், தண்ணீரோ 10 பாகைக்கும் கீழே இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரைப் பற்றி ஆராய்ந்த கோர்டன் கீஸ்ப்ரெக்ட், 1-10-1 என்று ஒரு கணக்கைப் பரப்பினார். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். அதன் பிறகு கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். உயிர்காப்பு அங்கி உடம்பில் இல்லாதவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்காது. கைகள் நின்றதும் மூழ்கிவிடுவார். நீங்கள் எவ்வளவு நல்ல நீச்சல்காரர் என்பதற்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கும் தொடர்பில்லை.

இதோடு மோட்டாரைச் சேர்த்துப் பாருங்கள். துடுப்பு மட்டும் இருந்தபோது உங்கள் களைப்பே உங்களுக்கு வேலி போட்டது. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் போனதும் கை தளர்ந்து, "இது காணும், திரும்புவோம்" என்று நின்றிருப்பீர்கள். மோட்டார் அந்த வேலியைக் கழற்றிவிடும். நான்கு கிலோமீட்டர் உள்ளே போயும் உடம்பில் ஒரு களைப்பும் தெரியாது. போகும்போது காற்று பின்னால் இருந்தால் காற்றே இருப்பதாகத் தெரியாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். பற்றரி நினைத்ததைவிட இரு மடங்கு வேகத்தில் இறங்கும். அங்கே ஒரு வயர் கழன்றாலோ, விசிறியில் தூண்டில் நூல் சுற்றினாலோ, கையில் மிஞ்சுவது பழைய துடுப்பும் பழைய தோளும். போன ஆகஸ்டில் ஒன்றரை மணித்தியாலத்தில் கரை சேர்ந்தீர்கள். அது நீங்கள் துடுப்பால் போன தூரம் என்பதால்தான் துடுப்பால் திரும்ப முடிந்தது.

நான் இதைப் பிறருக்கு நடந்ததாகச் சொல்லவில்லை. ஏழு வருடங்களுக்கு முன், செப்டெம்பர் மாதம், அதே சிம்கோவில் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்றேன். நான் பூட்டிய மோட்டார், வெளியே ஒரு கடையில் வாங்கிய இணைப்பி. உள்ளே ஈரம் ஏறி அது உருகிவிட்டது. மோட்டார் நின்றது. எனக்கு அப்போது தோளில் நோ இல்லை, நீளமான துடுப்பும் இருந்தது. அப்படியிருந்தும் கரை சேர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. கரையில் இறங்கியபோது விரல்களால் கார்ச் சாவியைப் பிடிக்க முடியவில்லை. அந்த நாளுக்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு விதி. துடுப்பால் திரும்ப முடிகிற தூரம் எதுவோ, அதற்கு அப்பால் மோட்டாரைக் கொண்டுபோவதில்லை. என்னிடம் மோட்டார் பூட்டுகிறவர் ஒவ்வொருவரிடமும் பற்றரியை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறேன். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கைத் தொடவே கூடாது.

இதைப் பரிசோதிக்க வழி உண்டு, அண்ணை. ஜூலையில், தண்ணீர் சூடாக இருக்கும் நாளில், மகனையும் இன்னொரு படகில் கூட்டிக்கொண்டு போங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றுள்ள நாளாகப் பாருங்கள். மோட்டார் இல்லாமல் காற்றுக்கு எதிரே ஒரு கிலோமீட்டர் துடுப்புப் போடுங்கள். தோள் தாங்கினால் உங்கள் எல்லை அந்த அளவு. தாங்காவிட்டால் இந்த வருடம் சிம்கோ வேண்டாம். அதே நாளில் கரையோரமாகக் கயாக்கிலிருந்து வேண்டுமென்றே விழுந்து திரும்ப ஏறிப் பழகுங்கள். பின்பக்கத்தில் மோட்டார் இருந்தால் அங்கிருந்து ஏற முடியாது, பக்கவாட்டில் வயிற்றைப் போட்டு ஏற வேண்டும். அது முதல் தடவையில் வராது.

ஸ்கூகொக் வேறு உலகம். 1830களில் லின்சேயில் அணை கட்டியபோது தாழ்ந்த நிலம் மூழ்கி உருவான ஆழமற்ற நீர்ப்பரப்பு அது. சராசரி ஆழம் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. கரை எந்தப் பக்கமும் பக்கத்தில். அங்கே உங்கள் எதிரி பாசிதான். நம்மூரில் சாதாளை காலில் சுற்றுகிற மாதிரி, இங்கே மில்ஃபொயில் என்கிற நீர்ச்செடி விசிறியில் சுற்றிக்கொள்ளும். ஓகஸ்ட் மாதம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மோட்டாரைத் தூக்கித் துப்புரவாக்க வேண்டி வரலாம். அதற்கென்று பின்னோக்கி வளைந்த இரட்டை இலை விசிறி விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். மோட்டாரை இருந்த இடத்திலிருந்தே ஒரு கயிற்றை இழுத்துத் தூக்கும்படி பூட்ட வேண்டும். உங்கள் இருக்கையிலிருந்து எழுந்து பின்னால் எட்டுவது தண்ணீரில் விழ மிகச் சுலபமான வழி.

வருடத்தில் இரண்டு தடவையாவது விசிறியின் நட்டைக் கழற்றிப் பாருங்கள். தூண்டில் நூல் அச்சில் சுற்றி உள்ளே போய், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே தண்ணீர் சேரும். என்னிடம் செத்த மோட்டாராக வருபவற்றில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

ஏரியை விட்டுப் புறப்படும்போது விசிறியிலும் கயாக்கிலும் ஒட்டிய செடி முழுவதையும் எடுத்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் இது சட்டம். ஸ்கூகொக் பாசியை ரைஸ் ஏரிக்குக் கொண்டுபோகிறவர் நாமாக இருக்கக் கூடாது. வெளியிலிருந்து வந்து பரவிய சீப்ரா மட்டிகள் இந்த மாகாண ஏரிகளுக்கு என்ன செய்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சட்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லைசென்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படகுக்கு அனுமதிப்பத்திரம் 10 குதிரைவலு, அதாவது 7.5 கிலோவாட் முதல்தான் தேவை. நீங்கள் பூட்டப்போவது ஒரு குதிரைவலுகூட வராது. ஆனால் ஓட்டுகிற ஆளுக்கு அட்டை தேவை. எவ்வளவு சின்ன மோட்டாரானாலும், எலெக்ட்ரிக் ஆனாலும், பூட்டிய நிமிடமே அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் படகு. பிளெஷர் கிராஃப்ட் ஒப்பரேட்டர் கார்ட் என்று பெயர். இணையத்தில் படித்து 50 கேள்விப் பரீட்சை எழுதி, 75 வீதம் எடுத்தால் ஆயுள் முழுவதற்கும் செல்லும். இல்லாமல் பிடிபட்டால் 250 டொலர் தண்டம். மகனும் ஓட்டுவானென்றால் அவனுக்கும் வேண்டும். 15 மீட்டர் மிதக்கும் கயிறு, விசில், நீர் புகாத டோர்ச் எல்லாம் கயாக்கிலேயே இருக்க வேண்டும். எங்கே போனாலும் படகு இறக்கும் இடத்து அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். மோட்டாரே கூடாத ஏரிகள் உண்டு, அல்கொன்குயின் பூங்காவின் உட்பகுதி ஏரிகள் பலவும் அப்படித்தான்.

பூட்டும் வேலையில் நான் விட்டுக்கொடுக்காத மூன்று விஷயம் இருக்கிறது. பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் சர்க்கிட் பிரேக்கர் இருக்க வேண்டும். மோட்டார் சிக்கி நின்றால் லித்தியம் பற்றரி கொடுக்கிற மின்னோட்டம் வயரைப் பழுக்க வைக்கும், நீங்கள் உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக்கின் மேல். வயர் தடிப்பாக, தகரம் பூசிய செப்பாக இருக்க வேண்டும். மூன்றாவது, அவசர நிறுத்தக் கயிறு. ஒரு முனை உங்கள் அங்கியில், மறு முனை சுவிட்சில். நீங்கள் விழுந்தால் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கயாக் மணிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் வேகத்தில் தன் பாட்டுக்குப் போய்விடும். உடுப்போடும் அங்கியோடும் நீந்தி அதை எட்டிப் பிடிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. மலிவான மோட்டார்களில் இந்தக் கயிறு வருவதில்லை, தனியாகப் பூட்டித்தான் ஆக வேண்டும். இதற்குக் காசு பார்க்காதீர்கள்.

மோட்டார் பின்பக்க நடுவில் இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். பற்றரியை உங்கள் கால்களுக்கு முன்னால், தாழ்வாக, இரண்டு பட்டியால் இறுகக் கட்டுங்கள். பின்னால் ஏறும் பாரத்தை அது சமன் செய்யும். உங்கள் கயாக்கின் கொள்ளளவு எவ்வளவு என்று உள்ளே ஒட்டிய தாளில் இருக்கும். நீங்கள், சாமான், மோட்டார், பற்றரி எல்லாம் சேர்ந்து அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் பாருங்கள்.

மிதி கயாக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. ஹோபி நிறுவனம் 1997இல் காலால் மிதித்து ஓட்டும் முறையைக் கொண்டுவந்தது. தோள் நோவுக்கு அதைவிட நல்லது இல்லை, கையிரண்டும் தூண்டிலுக்கு ஓய்வாக இருக்கும். ஆனால் உங்கள் கயாக்கில் அதைப் பூட்ட முடியாது, புதிது வாங்க வேண்டும். அது பாரமும் கூட. கார்க் கூரைதான் உங்கள் வழி என்றால் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. இழுவை வண்டி வாங்கும் எண்ணம் வந்தால் சொல்லுங்கள், அப்போது வேறு கதை.

ஆகவே உங்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு இது. இந்த வசந்தத்தில் தோளையும் துடுப்பையும் ஏற்றும் முறையையும் சரி செய்யுங்கள். ஜூன் கடைசிவரை மோட்டார் இல்லாமலே ஸ்கூகொக் போங்கள். அதன் பிறகும் மோட்டார் வேண்டும் என்று தோன்றினால், 30 பவுண்ட் மோட்டார், 50 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி. மோட்டாரில் ஐந்து படி வேக வகையை விட்டு, எந்த வேகத்துக்கும் திருகி வைக்கக்கூடிய வகையை எடுங்கள். மெதுவாக ஓட்டும்போது பற்றரியை மிச்சம் பிடிப்பது அதுதான். அப்போது பாசியின் ஓரமாகச் சத்தமில்லாமல் ஊர்ந்து போய் பாஸ் மீனுக்குத் தூண்டில் வீசுவீர்கள். அந்த இன்பம் தனி, அதற்காகப் பூட்டுவதென்றால் மனமார உதவுவேன்.

அக்காவின் விருப்பமின்மையைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். போன ஆகஸ்டில் நீங்கள் காற்றோடு போராடிய அந்த ஒன்றரை மணித்தியாலமும் அவர் வீட்டில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வெளிக்கிட முன் எந்த ஏரி, எந்த இறங்குதுறை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதி அவர் கையில் கொடுங்கள். அந்த மணிக்கு உங்கள் அழைப்பு வராவிட்டால் 911 எடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியை நீர் புகாத உறையில் போட்டு அங்கியின் பையில் வையுங்கள், கயாக்கின் பெட்டிக்குள் வேண்டாம்.

பிசியோ என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கயாக்கின் பின்பக்கத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அளவுநாடாவை வைத்து அனுப்புங்கள். மோட்டாரைத் தாங்கும் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.